க்வயட்டும் பைசலும்

மூன்று மாதம் முன்பு ஒரு செயலியைத் தமிழாக்கும் வேலை வந்தது. மொத்தம் எண்ணூற்றுச் சொச்சம் ஸ்ட்ரிங். பத்தி பத்தியாக மொழிபெயர்ப்பதைவிட இரண்டு சொல் மூன்று சொல்லாக வருகிற இந்தத் துண்டுகள்தான் உயிரை எடுக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அது திரையில் எங்கே வரும், யார் பார்ப்பார்கள், முன்னால் என்ன, பின்னால் என்ன, எதுவும் தெரியாது. எக்செல் தாளில் ஒரு கட்டம், பக்கத்தில் ஒரு காலிக் கட்டம், அவ்வளவுதான். 412-வது வரிசையில் 'க்வயட் ஹவர்ஸ்' என்று இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் கிணுகிணுக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு. யோசிக்காமல் 'அமைதி நேரம்' என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து ரிவ்யூ முடிந்து தாள் திரும்பி வந்தபோது அந்தக் கட்டம் மஞ்சளாக இருந்தது. பக்கத்தில் குறிப்பு: "அமைதி என்றால் பீஸ். இங்கே சத்தம் இல்லாத நேரம் என்ற பொருள் வர வேண்டும். 'நிசப்த நேரம்' அல்லது 'ஒலியற்ற நேரம்' எனப் பரிசீலிக்கவும்."

எழுதியவர் யாரென்று தெரியாது. இந்த வேலையில் மொழிபெயர்ப்பவரும் சரிபார்ப்பவரும் முகம் பார்ப்பதே இல்லை. ஆனால் மற்ற வரிசைகளில் அவர் செய்திருந்த திருத்தங்களைப் பார்த்தால் விஷயம் தெரிந்த ஆள்தான். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. நாட்டில் அமைதி, உலக அமைதி, அமைதிப் பேச்சுவார்த்தை என்று அந்தச் சொல்லைச் செய்தித்தாள்கள் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டன. சத்தமில்லாமைக்கு நம்மிடம் சொல் பஞ்சமும் கிடையாது. ஆளுக்கு மௌனம், இடத்துக்கு நிசப்தம், ராத்திரித் தெருவுக்கு 'ஆள் அரவமே இல்லை', காரியத்துக்குக் கமுக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்தில் 'கம்முனு இரு'. இத்தனை இருக்க அமைதியை ஏன் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்? சொல்லுக்கு இத்தனை பைசா என்று வாங்குகிறவன் அந்தக் கட்டத்தைத் திருத்திவிட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. காலில் தைத்த முள் மாதிரி அது உள்ளேயே கிடந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. இந்தச் சொல்லிடம் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருக்கிறேன். 2022-ல் 'க்வயட் க்விட்டிங்' என்று ஒரு பேச்சு கிளம்பியது ஞாபகம் இருக்கும். அந்த ஜூலையில் டிக்டாக்கில் ஒரு காணொளி பரவி உலகம் முழுக்க அலுவலகங்களில் அதே பேச்சு. நம் ஊரில் டிக்டாக்கைத் தடை செய்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, ஆனாலும் பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. ஒரு பத்திரிகைக்காக அதைத் தமிழில் எழுத வேண்டியிருந்தது. நான் 'சத்தமில்லாத விலகல்' என்று கொடுத்தேன். ஆசிரியர் குழுவில் அது 'மௌன ராஜினாமா' ஆகி அச்சேறியது. இரண்டுமே தப்பு. க்வயட் க்விட்டிங்கில் யாரும் விலகுவதில்லை, ராஜினாமாவும் செய்வதில்லை. சொன்ன வேலையைச் செய்வார்கள், சம்பளம் வாங்குவார்கள், ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்கு மேல் தரவேண்டியது எதுவுமில்லை என்று மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்வது, அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்குத் தமிழ் எனக்கு அன்றைக்குக் கிடைக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் ஏழாம் வகுப்பு. ஆங்கிலக் கட்டுரை நோட்டில் 'வகுப்பு அமைதியாக இருந்தது' என்று எழுத வேண்டிய இடத்தில் கடைசி ஈ-யையும் டி-யையும் இடம் மாற்றிவிட்டேன். க்வயட் போய் க்வைட் ஆகிவிட்டது. வாத்தியார் நோட்டைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். "வகுப்பு முழுக்க இருந்ததாம். டேய், முழுக்க என்னடா இருந்துச்சு? முழுக்க எருமையா?" ஐம்பது தடவை எழுதச் சொன்னார். நாற்பதாவது தடவையில் மறுபடியும் மாறிப்போனது. அந்த ஈ-யையே கழற்றிப் போட்டால் க்விட். மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன என்று அப்போதே ஒரு சந்தேகம். வாத்தியாரிடம் கேட்கிற தைரியம் எவனுக்கு இருந்தது.

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

மஞ்சள் கட்டம் வந்த அன்று ராத்திரி சொற்பிறப்பு அகராதியில் உட்கார்ந்தேன். மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். லத்தீனில் 'க்வியேஸ்' என்றால் ஓய்வு, இளைப்பாறல். ஓய்ந்திருப்பவன் 'க்வியேதுஸ்'. இதிலிருந்து நேராக வந்தது க்வயட். ஆனால் இடைக்கால லத்தீனில் க்வியேதுஸ் என்பதற்கு இன்னொரு பொருள் ஏறிக்கொண்டது: தொல்லை நீங்கியவன், கடமை தீர்ந்தவன், கடன் அடைத்தவன். அந்தப் பொருளோடு பழைய பிரெஞ்சுக்குப் போய் 'விடுபட்ட' என்று ஆகி ஆங்கிலத்துக்கு வந்தது க்விட். கடனிலிருந்து விடுபடுவது முதலில், வேலையை விடுவது, சிகரெட்டை விடுவது எல்லாம் பிறகு. நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்படாமல் விடுதலை ஆவதைச் சொல்கிற அக்விட் அதே குடும்பம். க்வைட்டும் அதேதான். விடுபட்டது என்றால் பாக்கி எதுவும் ஒட்டாதது, பாக்கி ஒட்டாதது என்றால் முழுக்க. இது நமக்குப் புதிதல்ல. 'கடனைச் சுத்தமா அடைச்சுட்டேன்' என்று சொல்கிற அதே வாயால் 'சுத்தமா மறந்துட்டேன்' என்கிறோம். இரண்டாவது வாக்கியத்தில் அழுக்கும் இல்லை, சுத்தமும் இல்லை, வெறும் 'முழுக்க' மட்டும் இருக்கிறது. ஆக ஏழாம் வகுப்பில் நான் செய்தது எழுத்துப் பிழை அல்ல, இரண்டு சகோதரர்களை மாற்றிக் கூப்பிட்டது. வாத்தியார் இப்போது இல்லை, இருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

குடும்பத்தில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். கூச்சப்படுவதுபோல் பாவனை செய்கிற பெண்ணைச் சொல்லும் 'கோய்' பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்த க்வியேதுஸ்தான், முதலில் வெறும் சத்தமில்லாத ஆள் என்றுதான் அதற்குப் பொருள். செத்தவர் படத்துக்குக் கீழே நாம் தட்டச்சு செய்கிற மூன்றெழுத்து ரிப், 'அமைதியில் இளைப்பாறட்டும்' என்கிற லத்தீன் வாக்கியத்தின் சுருக்கம், அதன் முதல் சொல்லுக்குள்ளும் க்வியேஸ் படுத்திருக்கிறது. இறந்தவர்களுக்கான ரெக்வியம் பூசையும் அதேதான். கத்தோலிக்க நண்பன் ஒருவன் வீட்டு இழவில் 'நித்திய இளைப்பாற்றி' என்று ஜெபத்தில் கேட்டது இப்போதுதான் உறைத்தது. யாரோ ஒரு பழைய மொழிபெயர்ப்பாளர் மௌனம், நிசப்தம் பக்கமே போகாமல் 'இளைப்பாற்றி' என்று அந்த வேரையே கையால் தொட்டிருக்கிறார். அவருக்கு ரிவ்யூ செய்தவர் யாரோ, நல்லவராக இருந்திருக்க வேண்டும்.

இந்தக் குடும்பத்தில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது 1942 ஆகஸ்ட். க்விட் இந்தியா. தமிழில் 'வெள்ளையனே வெளியேறு'. ஓய்வு, சாந்தி என்று தொடங்கிய ஒரு சொல் இந்தியா கண்ட மிகப் பெரிய சத்தங்களில் ஒன்றாகப் போய் நின்றது. அதே சொல் நில வரியிலும் ஒளிந்திருக்கிறது. இங்கிலாந்தில் பண்ணையாருடைய வயலை உழுவது, அறுவடைக்குப் போவது என்று குடியானவன் செய்தாக வேண்டிய ஊழியத்துக்குப் பதிலாகப் பணமாகக் கட்டிவிட்டு விடுபடுவதற்குப் பெயர் க்விட் ரென்ட். அதை வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் எடுத்துக்கொண்டு போனான். சென்னை மாகாணத்தில் 1858-ல் இனாம் கமிஷன் வந்தபோது மானியமாக விட்டிருந்த இனாம் நிலங்களுக்குப் போட்ட குறைந்த தீர்வைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர், நம் ஊரில் ஜோடி என்றார்கள். மலேசியாவில் இன்றைக்கும் வீட்டு நிலத்துக்கு வருடா வருடம் கட்டும் வரி க்விட் ரென்ட்தான். அங்கே இருக்கும் என் பெரியம்மா மகன் 'குவிட் ரென்ட் கட்டிட்டியா' என்று தமிழில் பேசுகிறபோது அதற்குள் உழவு ஊழியமும் லத்தீன் தூக்கமும் இருப்பது அவனுக்கு எதற்கு.

இதுவரைக்கும் எல்லாம் அகராதி விளையாட்டு. ராத்திரி ஒரு மணிக்கு இதெல்லாம் சுவாரசியமாக இருக்கும், காலையில் மஞ்சள் கட்டம் மஞ்சளாகவே இருக்கும். என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இதற்கு அடுத்து வந்த விஷயம்.

இரண்டே முடிவுகள்

பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ராஜாவின் கணக்கு பார்க்கும் இடம் எக்ஸ்செக்கர். பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை. அதன்மேல் சதுரங்கப் பலகை போலக் கட்டம் போட்ட துணி விரித்திருக்கும், அந்தக் கட்டத்தினால்தான் அந்தப் பெயரே. ஒவ்வொரு மாவட்டத்திலும் ராஜாவுக்கு வரி வசூலிக்கும் ஷெரீப்பும் ஈஸ்டருக்கு ஒருமுறையும் செப்டம்பர் கடைசியில் ஒருமுறையும் வந்து மேசை முன்னால் உட்கார வேண்டும். ரோமன் எண்களை வைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பது ஆகாத காரியம், அதனால் கட்டங்களில் காய்களை வைத்து நகர்த்திக் கணக்குப் போடுவார்கள். கட்டின பணத்துக்கு ரசீது ஒரு மரக்குச்சி. குச்சியின் குறுக்கே வெட்டுப் போட்டு நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை கனத்துக்கு வெட்டு, நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் கனம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லி மணி அளவு. இதெல்லாம் அந்தக் காலத்திலேயே எக்ஸ்செக்கர் வேலை பார்த்த ஒருவர் கேள்வி-பதிலாக எழுதிவைத்திருக்கிறார்.

(அந்தக் குச்சிகளுக்கு வந்த முடிவையும் சொல்லிவிடுகிறேன். நூற்றாண்டுக் கணக்கில் குவிந்து கிடந்தவற்றை 1834 அக்டோபர் 16-ம் தேதி நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்பில் போட்டு எரித்தார்கள். மொத்தமாகத் திணித்ததில் சூடு தாங்காமல் கட்டடமே பற்றிக்கொண்டு நாடாளுமன்றம் எரிந்துபோனது. தீர்ந்த கணக்கைக் கிளறினால் இப்படித்தான்.)

மேசையில் முடிவாகும் கணக்கை ஆட்டுத்தோலில் எழுதிச் சுருட்டி வைப்பார்கள். சுருட்டினால் குழாய் மாதிரி இருக்கும், அதனால் பைப் ரோல். நம் கைக்குக் கிடைத்திருப்பதில் மிகப் பழையது 1130-ஐச் சேர்ந்தது. 1156-லிருந்து ஏறக்குறைய எழுநூறு வருடத்துக்குத் தொடர்ச்சியாக இருக்கின்றன. அந்தச் சுருள்களில் ஒவ்வொரு கணக்கும் ஒரே மாதிரி ஓடும். இன்னார் இவ்வளவுக்குக் கணக்குக் கொடுக்கிறார், கருவூலத்தில் இவ்வளவு செலுத்தினார். அதற்குப் பிறகு இரண்டில் ஒரு முடிவு. பணம் மிச்சமிருந்தால் 'எட் தெபெத்', அதாவது 'இன்னும் தரவேண்டியிருக்கிறது', தொகையோடு. எல்லாம் கட்டியாயிற்று என்றால் 'எட் க்வியேதுஸ் எஸ்த்'. அவன் க்வியேதுஸ் ஆனான். இந்த இரண்டாவது வரியிலிருந்துதான் ஆங்கிலத்தில் க்வியேடஸ் என்று ஒரு பெயர்ச்சொல்லே பிறந்தது: கணக்குத் தீர்ந்ததற்கான சீட்டு. ஹாம்லெட் தற்கொலையைப் பற்றி யோசிக்கிறபோது ஒரு சின்னக் கத்தியால் தன் க்வியேடஸைத் தானே போட்டுக்கொள்ளலாமே என்கிறான். ஷேக்ஸ்பியர் காலத்து ஆட்களுக்கு அதில் கணக்குப்பிள்ளையின் கையெழுத்து கேட்டிருக்கும். நமக்கும் கேட்கும். ஒருவனைக் கொன்றதை 'கணக்கைத் தீர்த்துட்டான்' என்றுதானே சொல்கிறோம்.

'எட் தெபெத்', 'எட் க்வியேதுஸ் எஸ்த்'. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு ஆட்டுத்தோல் தெரியவில்லை. சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு நீள நோட்டுத் தெரிந்தது.

பாக்கி

நான் பிறந்து வளர்ந்தது குமாரபாளையம். காவிரிக்கு அந்தப் பக்கம் பவானி, இந்தப் பக்கம் நாங்கள். ஊர் முழுக்க விசைத்தறி. அப்பா தறி ஓட்டினார். முதலாளியின் பட்டறையில் பதினாறு தறி, சிமெண்ட் அட்டைக் கூரை. அந்தச் சுவரை ஒட்டியே வரிசையாக ஐந்து லைன் வீடு, அதில் மூன்றாவது எங்களுடையது. விசைத்தறிச் சத்தத்தைப் பக்கத்தில் கேட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, கேட்காதவர்களுக்கு விளக்கவும் முடியாது. நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடித்துக்கொண்டு ஓடும் சத்தம் ஒரு தறிக்கே காதை அடைக்கும். பதினாறு தறி ஒரே நேரத்தில் ஓடினால் அது சத்தம் என்கிற கணக்கில் இருந்து போய்விடும், காற்று மாதிரி ஆகிவிடும். சொம்பில் வைத்த தண்ணீர் எந்நேரமும் நடுங்கிக்கொண்டே இருக்கும். நாங்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனிடம் ரகசியம் சொன்னால் வாத்தியாருக்குக் கேட்கும், பாதி அடி அதற்காகவே வாங்கியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் நிசப்தம் என்று ஒன்று உண்டு. கரண்ட் போனால் வரும். அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்றுபோகும், காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம் மட்டும் மிச்சம் இருக்கும். அம்மா அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்து நிற்பாள். ஐந்து வீட்டுப் பெண்களும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். யாரும் பேச மாட்டார்கள். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி, தறி நின்றால் மீட்டர் நின்றது. அரை மணி நேரம் போனால் "மில்லுக்காரனுக்கெல்லாம் ஜெனரேட்டர் இருக்குது" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நிசப்தம் என்றால் எனக்கு அதுதான்: ஐந்து பெண்கள் வாசலில் நின்று ஈபி கம்பத்தைப் பார்ப்பது. 'நிசப்த நேரம்' என்று அந்த மஞ்சள் கட்டம் சொன்னதும் எனக்கு ஏன் வயிற்றில் ஏதோ செய்தது என்று இதை எழுதும்போதுதான் புரிகிறது.

அந்தப் பகுதியில் தறிக்காரர்களுக்கு பாக்கி என்றால் வேறு பொருள். வேலைக்குச் சேரும்போது முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள். கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, தங்கச்சி சீருக்கு. அந்தத் தொகைதான் பாக்கி. அது தீரும்வரை அந்தப் பட்டறையை விட்டுப் போக முடியாது. போக வேண்டுமானால் புது முதலாளி பழைய முதலாளிக்கு அந்தத் தொகையைக் கொடுத்து ஆளை எடுத்துக்கொள்வார், பாக்கி புது நோட்டில் ஏறும். அப்பா இப்படி இரண்டு தடவை பட்டறை மாறியிருக்கிறார். ஆள்தான் மாறினார். பாக்கி ஒரு நோட்டிலிருந்து இன்னொரு நோட்டுக்குப் போனது, போகிற வழியில் கொஞ்சம் கூடியும் போனது. சனிக்கிழமை சாயங்காலம் கூலி. ஆளுக்கொரு பக்கம் உள்ள அந்தச் சிவப்பு நோட்டைத் திறந்து, ஓட்டின மீட்டரை எழுதி, பிடித்தத்தை எழுதி, கடைசியில் ஒரு கோடு போட்டு 'பாக்கி' என்று எழுதித் தொகையைப் போடுவார் முதலாளி. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் அதே சொல்லில்தான் முடிந்தது. எட் தெபெத்.

அப்பா ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுக் காலையில் வந்து படுப்பார். தூக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. முழங்கையை மடக்கிக் கண்மேல் போட்டுக்கொண்டு கிடப்பார், வலது கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். தறிச் சத்தத்துக்கு ஏற்ற தாளத்தில் ஆடுகிறது என்று நானும் தங்கச்சியும் நினைத்துச் சிரிப்போம். கடன்பட்டார் நெஞ்சம் என்று படிப்பதற்கு முன்னாலேயே கடன்பட்டார் கால் எப்படி இருக்கும் என்று நாங்கள் பார்த்துவிட்டோம்.

1997 ஆடி மாதம். அம்மா இரண்டு வருடமாகக் கட்டிவந்த ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தாள், பற்றாக்குறைக்குக் கம்மல் போனது. அப்பா சட்டை மாற்றிக்கொண்டு, "வா சாமி" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஏன் கூட்டிக்கொண்டு போனார் என்று இன்றுவரை கேட்டதில்லை. எழுத்துப் படிக்கத் தெரிந்த ஆள் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும் என்று இருக்கலாம். முதலாளி பணத்தை எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினார். நோட்டைத் திறந்தார். அப்பா பெயர் இருந்த பக்கத்தில் கடைசித் தொகைக்குக் கீழே தேதி போட்டு 'பைசல்' என்று எழுதினார். பிறகு அந்தப் பக்கத்தின் குறுக்கே மேலிருந்து கீழாக இரண்டு கோடு இழுத்தார். பேனா ஒரு இடத்தில் எழுதாமல் நின்றது, உதறிவிட்டு மறுபடி இழுத்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் சத்தமாக "பைசல்" என்று படித்தேன். முதலாளி சிரித்தார்.

"நாளைக்கு நைட்டுக்கு வந்துருவீல்ல?"

"வர்றனுங்க."

அவ்வளவுதான். விடுதலை ஆன அன்றே மறுநாள் வேலைக்கு ஒத்துக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் இரண்டு வருடம் அதே பட்டறையில்தான் ஓட்டினார். 2022-ல் நான் தமிழ் கிடைக்காமல் தோற்ற அந்தக் கோடு, வேலையை விடாமலே விடுபடுவது, முதலாளியின் பேனாவில் என் கண்முன்னால் விழுந்திருக்கிறது. எனக்கு ஞாபகம் வரவில்லை. 'மௌன ராஜினாமா'வோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பா சாப்பிட்டார். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். பாயை விரித்துப் படுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு தறி ஓடிக்கொண்டிருந்தது, அன்றைக்கு ஒன்றுகூட நிற்கவில்லை. நானும் தங்கச்சியும் ஏதோ தீப்பெட்டிப் படத்துக்குச் சண்டை போட்டோம். அம்மா வந்து இரண்டு பேர் முதுகிலும் ஒன்று வைத்து, "கம்முனு இருங்கடா, அப்பா தூங்கறாரு" என்றாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் எங்கள் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது என்று நாங்கள் கேட்கவில்லை, கம்மென்று ஆகிவிட்டோம். அப்பா பக்கத்தில் போய்ப் பார்த்தேன். முழங்கை கண்மேல் இல்லை, பக்கத்தில் விழுந்து கிடந்தது. கால் ஆடவில்லை. சொம்பில் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது, கால் ஆடவில்லை. விளக்கு வைக்கிற நேரம்வரை தூங்கினார்.

வரன் அமைவதும் அமைதியும்

அகராதி இன்னும் ஒரு கதவைத் திறந்துவிட்டது. க்வியேஸ் லத்தீனோடு நிற்கவில்லை. ஆங்கிலத்தில் சிறிது நேரத்தைச் சொல்லும் வொய்ல் இதற்குப் பங்காளி, ஆதியில் அது இளைப்பாறும் நேரம். லத்தீனில் 'க்வ' என்று தொடங்குவது ஆங்கிலப் பக்கம் வரும்போது 'வ' ஆகும், லத்தீன் 'க்வோத்' அங்கே 'வாட்' ஆவது மாதிரி. பாரசீகத்துக்குப் போனால் அதே வேர் 'ஷியாதி'. நக்ஷ்-இ-ருஸ்தமில் மலையைக் குடைந்து வைத்த தன் கல்லறைமேல் தாரியஸ் மன்னன் வெட்டியிருக்கிறான்: இந்தப் பூமியைப் படைத்தவன், அந்த வானத்தைப் படைத்தவன், மனிதனைப் படைத்தவன், மனிதனுக்கு ஷியாதியைப் படைத்தவன் அகுரமஸ்தா. இன்பம், நல்வாழ்வு என்று அதை மொழிபெயர்க்கிறார்கள். அது தேய்ந்து பாரசீகத்தில் ஷாத், ஷாதி ஆனது, மகிழ்ச்சி. உருதுவுக்கு வந்தபோது கல்யாணம். வேலூர், ஆம்பூர்ப் பக்கம் போனால் 'ஷாதி மஹால்' என்று பலகை பார்க்கலாம். நண்பன் ஒருவனின் தங்கை கல்யாணத்துக்கு அப்படி ஒரு மஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். பந்தியில் கரண்டிச் சத்தம், வாசலில் ஜெனரேட்டர், மைக்கில் யாரோ காரை நகர்த்தச் சொல்லி நம்பர் வாசித்துக்கொண்டிருந்தார். தலைக்குமேல் எழுதியிருந்தது க்வயட்டின் பெரியப்பா பிள்ளை என்று அன்றைக்குத் தெரியாது.

இதைப் படித்தபோதுதான் நம் பக்கத்துச் சொல்லைத் திருப்பிப் பார்க்கத் தோன்றியது. அமைதி என்பது அமை என்கிற வினையிலிருந்து. அமைதல் என்றால் பொருந்துதல், அடங்குதல், நிலைபெறுதல். அதில் காதுக்கு வேலையே இல்லை. 'உங்க பொண்ணுக்கு வரன் அமைஞ்சுதா?' என்கிறோம். 'வீடு நல்லா அமைஞ்சுபோச்சு' என்கிறோம். இலக்கணத்தில் வழுவமைதி என்று ஒன்று உண்டு. மாட்டைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவன் சொன்னால் அஃறிணையை உயர்திணையாக்கியது வழு, தப்பு. ஆனால் பாசத்தால் சொன்னது, போகட்டும் என்று இலக்கணக்காரர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். தப்பு தப்பாகவே இருக்கிறது, வழக்கு முடிந்துவிடுகிறது. பாரசீகத்தில் ஓய்வு கல்யாணத்தில் போய் முடிந்தது. நம்மிடம் வரன் அமைவதும் அமைதியும் ஒரே வினையில் உட்கார்ந்திருக்கின்றன. உடனே 'க்வயட் தமிழ்ச் சொல்தான்' என்று யாரும் கொடி பிடித்துக் கிளம்பிவிட வேண்டாம். இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை. வெவ்வேறு ஊரில் இரண்டு பேர் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள், எனக்கு அதுவே போதும்.

நிசப்தம் என்றால் சப்தம் இல்லை. அதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. மின்சாரம் போனாலும் நிசப்தம், பிணம் கிடந்தாலும் நிசப்தம், தேர்வு முடிவு வரப்போகிற நிமிடத்திலும் நிசப்தம். அந்தச் செயலி ராத்திரி பத்து மணிக்கு மேல் ஃபேன் சத்தத்தை நிறுத்தப்போவதில்லை, பக்கத்து வீட்டு சீரியலை நிறுத்தப்போவதில்லை. அது செய்வது ஒன்றுதான்: இன்னும் பார்க்க வேண்டியது இத்தனை, பதில் போட வேண்டியது இத்தனை என்று சிவப்பு வட்டத்தில் எண் போட்டு நம் பாக்கியை வாசித்துக் காட்டுவதை நிறுத்துகிறது. காலை ஆறு மணிக்கு மறுபடி நோட்டைத் திறந்துவிடும் என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் எக்செல் குறிப்பில் எழுத முடியாது. எழுதிப் பார்த்தேன், கட்டம் தாங்கவில்லை. கடைசியில் இப்படி எழுதினேன்: "க்வயட் என்பதன் வேரில் ஒலி இல்லை, ஓய்வுதான் இருக்கிறது. அமைதியும் அப்படியே. ஆகவே 'அமைதி நேரம்' என்றே வைக்கலாம்." மறுநாள் பதில் வந்தது. "சரி. ஏற்கப்பட்டது. 518-ல் ஒற்று மிகும், பார்க்கவும்." பார்த்தேன், மிகும்தான். மஞ்சள் போய்க் கட்டம் பச்சையானது.

அப்பாவிடம் போன வாரம் போனில் அந்த பைசல் நாளைப் பற்றிக் கேட்டேன். முதலாளி கோடு போட்டது, பேனா நின்றது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. "அன்னைக்கு மத்தியானம் நீங்க தூங்கினீங்களேப்பா" என்றேன். "மத்தியானம் நான் எப்படா தூங்கியிருக்கறேன்" என்றார். அம்மாவின் கம்மல் எத்தனை கிராம் என்பது மட்டும் சரியாகச் சொன்னார்.

அந்த எண்ணூற்றுச் சொச்சம் ஸ்ட்ரிங்குக்கு பில் அனுப்பி எழுபத்திரண்டு நாள் ஆகிறது. முப்பது நாளில் தருவதாகப் பேச்சு. நினைவூட்டி இரண்டு மெயில் போட்டேன், 'ப்ராசஸிங்' என்று ஒரு பதில் வந்தது. என் நோட்டில் அந்த நிறுவனத்தின் பெயருக்கு நேரே பென்சிலால் 'பாக்கி' என்று எழுதியிருக்கிறேன்.